தவளையின் கண்ணைத் தொட்டுப் பார்க்கிற பள்ளிக்கூடம்

புதிதாக நியமனம் பெற்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேத்தண்ணீர் குடித்து முடிவதற்குள் உங்களில் ஒருவர் கேட்டார்.

"டீச்சர், எங்கட ஆய்வுகூடத்தில பிள்ளைகள் தவளையை வெட்ட முந்தி அதின்ர கண்ணை விரலால தொட்டுப் பாக்கினம். ஆர் பழக்கினது எண்டு கேட்டா, எப்பவும் இப்படித்தான் எண்டு சொல்லினம். வேற ஒரு பள்ளிக்கூடத்திலயும் நான் இதைக் காணேல்ல."

இன்னொருவர் வேறு ஒன்று கேட்டார். "காலையில அரசாங்கப் பாடம், மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மார்க்கப் பாடம். ஒரு மாட்டில ரெண்டு வண்டியைப் பூட்டின மாதிரி இருக்கு. நீங்கள் இவ்வளவு காலமும் எப்படிச் சமாளிச்சனீங்கள்?"

அன்றைக்கு நான் பலகாரத் தட்டை உங்கள் பக்கம் தள்ளி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அது ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேன். எழுதியே தருகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

நான் நகரத்துப் பக்கம் பாலையூற்றுக்காரி, கத்தோலிக்கப் பெண் என்பது உங்களுக்குத் தெரியும். அறுபதுகளில் கிண்ணியாவில் இந்தப் பள்ளியில் உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தொடங்கியபோது விலங்கியல் படிப்பிக்க ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில் உள்ள துறையில் அப்போது பாலம் இல்லை. எல்லோரும் 'பாதை' என்று சொல்லும் பெரிய மிதவையில் பஸ்ஸும் மனிதரும் மாடும் ஒன்றாக ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். எனக்கு வாயில் காரம் கொஞ்சம் கூட. அந்த வயதில் இன்னும் கூட.

முதல் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான். அதில் பெண்பிள்ளை ஒருத்திதான், சுபைதா. ஜன்னலோரத்தில் தனி வாங்கில் இருப்பாள். ஒரு விஷயம் விளங்கும் வரைக்கும் பேனையை எடுக்கமாட்டாள். மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதி முடித்திருப்பார்கள், இவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். காலையில் எனக்கு எப்படியோ, பின்னேரம் மார்க்கப் பாடம் எடுக்கிற மௌலவிக்கும் அப்படியே. டாக்டராக வர வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். பிரசவ நோவோடு வந்த பெண்கள் பாதை இக்கரைக்கு வரும் வரைக்கும் துறையடி மணலில் கிடந்து துடித்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் காரணம் கேட்டதே இல்லை.

அவளுடைய வாப்பா கரைவலைச் சம்மாட்டி, சொந்த வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்கிறவர், அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவளை வகுப்பில் சேர்த்த நாளில் அதிபரின் அறையில் நானும் இருந்தேன். அவள் அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் மௌலவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீங்க ஓம் எண்டா படிக்கட்டும் மௌலவி. நீங்க கூடாது எண்டு சொல்ற அண்டைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவன். சோதினையும் ஒரு தரம்தான். தவறினா வீட்டோட இருக்கட்டும்."

மௌலவி தலையை ஆட்டினார். சுபைதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தை அதிபரின் மேசையில் இருந்த மைக்கூட்டை நகர்த்தி வைத்துத் தணித்துக்கொண்டேன்.

சரி, தவளைக்கு வருவோம்.

ஒரு திங்கட்கிழமை, பிஸ்கட் தகரம் ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்து வாய்க்காலில் பிடித்த தவளைகளை அதற்குள் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பாதை ஏறினேன். தகரம் மடியில் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி, "உள்ளுக்க என்ன டீச்சர், துள்ளுது?" என்று கேட்டார். "இண்டைக்குப் பாடம்" என்றேன். மனிதர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வகுப்பில் கண்ணாடிப் போத்தலை வைத்து, பஞ்சில் குளோரோபோம் நனைத்துப் போட்டு, "ஒரு ஆள் வந்து ஒரு தவளையைப் பிடிச்சு இதுக்குள்ள விடுங்கோ" என்றேன். ஒருவரும் அசையவில்லை. மீண்டும் சொன்னேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வலை இழுக்கிற ஊரில பிறந்திட்டு தவளைக்குப் பயமோ?"

சுபைதா எழும்பினாள். "பயம் இல்ல டீச்சர். தவளையக் கொல்லக் கூடாது. ஹதீஸில இருக்கு. மௌலவி படிப்பிச்சவங்க."

"டாக்டரா வாறதுக்கு இது செய்யத்தானே வேணும்?"

"டாக்டரா வரத்தான் வேணும் டீச்சர். ஆனா கொல்ல ஏலாது."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒன்று மற்றொன்றோடு மோதுகிறது என்ற எண்ணமே அவள் முகத்தில் இல்லை. மோதினால் அதைத் தீர்த்து வைப்பது பெரியவர்களின் வேலை என்பதுபோல நின்றாள். நான் தகரத்தின் மூடியைப் படீரென்று மூடிவிட்டு மௌலவியைத் தேடிப் போனேன்.

உண்மையைச் சொன்னால் சண்டை பிடிக்கத்தான் போனேன். வசனங்கள் எல்லாம் வாயில் ஆயத்தமாக இருந்தன. மௌலவி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்து தன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த, நெடுத்த மனிதர். தென்னிந்தியாவில் ஓதிவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"புள்ள சொன்னது சரி டீச்சர். தவளைய மருந்தில சேர்க்கலாமா எண்டு ஒரு வைத்தியர் கேட்டிருக்காரு. நபியவங்க அதக் கொல்ல வேணாம் எண்டு தடுத்திருக்காங்க. நம்மட மத்ஹப்பில, நாங்க பின்பற்றுற மார்க்கச் சட்டத்தில, அது தெளிவான விஷயம்."

"அப்ப விலங்கியல் வகுப்பை மூடுவமா?"

"நான் எப்ப மூடச் சொன்னன்?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. "எனக்குத் தெரியாததக் கேக்கிறன், கோவிக்காதீங்க. தவளைக்குள்ள அப்பிடி என்ன பாக்கப் போறீங்க?"

இந்தக் கேள்வி நான் ஆயத்தம் செய்துகொண்டு போன சண்டையில் இல்லை. இருந்தாலும் சொன்னேன். இருதயம், ஈரல், இரத்தக் குழாய்கள், அவை மனிதருக்கு எவ்வளவு கிட்டப் போகின்றன, எங்கே விலகுகின்றன. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுபைதாவின் முகம் மாதிரியே ஆகிவிட்டது. அப்படிக் கேட்க அவள் எங்கே பழகினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முடிவில், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க டீச்சர், கிதாபுகளப் பாத்துச் சொல்றன்" என்றார். தவளைகளை அன்று பின்னேரம் அதே வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கு எத்தனை சுலபமான வழிகள் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். கூடாது என்று சொல்லிவிட்டு எண்ணெய் விடுவதைத் தொடர்ந்திருக்கலாம். ஊரே அவர் பக்கம் நின்றிருக்கும். அல்லது என்னுடைய வாய்க்குப் பயந்து, சரி, செய்யுங்கள் என்று கண்ணை மூடியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. நான்கு நாள் கண்விழித்து வாசித்தார். பிறகு வந்து சொன்னது இது: கொல்வது கூடாது. நமக்காகத் தவளையைக் கொல்லும்படி இன்னொருவரிடம் சொன்னாலும் அது நம்முடைய தலையில்தான். ஆனால் தானாகச் செத்ததை, படிப்புக்காக, அதுவும் உயிர் காக்கிற படிப்புக்காக வெட்டிப் பார்ப்பதில் தடை இல்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தொழப் போகலாம்.

"செத்த தவளைக்கு நான் எங்க போறது? கடையில விக்குதா?" என்றேன்.

"அது தெரியல்ல டீச்சர். ஆனா சுறாவுக்கு ஒரு தடையும் இல்லயே. ஒங்கட பாடத்தில சுறாவும் இருக்கெண்டு புள்ளயள் சொன்னாங்க."

இருந்தது. நான்தான் அதை இரண்டாம் வருஷத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அடுத்த வாரமே சுபைதாவின் வாப்பாவுடைய வலையில் பட்ட குட்டிச் சுறாக்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தன. சுறாவின் நரம்பைச் சேதமில்லாமல் பிரித்து எடுப்பது தவளையைவிடக் கஷ்டம். பிள்ளைகளின் கை அந்தச் சுறாவில்தான் திருந்தியது. நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு சுறாவைச் சுற்றிப் பத்துப் பேர். எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, கிழித்தால் இன்னொன்று.

தவளை கிடைத்தது மார்கழி வெள்ளத்தில். மகாவலி பெருகினால் ஆற்றில் கிடக்கிற ஆகாயத்தாமரைத் திட்டுகள் எல்லாம் பிய்த்துக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்குள் வரும். அதில் ஒட்டிக்கொண்டு வருகிற தவளைகள் உப்புத் தண்ணீர் பட்டதும் செத்துப்போகும். வலைக்குள் அந்தக் குப்பை சிக்கினால் மீன்பிடிகாரர் வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சுபைதாதான் அதை நினைத்துச் சொன்னாள். சொல்லி இரண்டாம் நாள் காலை அவள் வாப்பா, தலையில் ஓலைக் கடகத்தோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கடகம் நிறையத் தவளை.

"மௌலவி சொன்னாங்க, இது கூடும் எண்டு" என்று மௌலவியின் அறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "நாப்பது வருஷமா இதத் தூக்கிக் கடல்ல எறிஞ்சனான் டீச்சர். இதுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். அவள் ஜன்னலோரத்தில் இருந்து சிரித்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கடகத்துத் தவளைகளைப் போர்மலினில் போட்டு வைத்து வருஷம் முழுவதும் படித்தோம். இவ்வளவும் நன்றாகவே போனது. எங்கே இடறினோம் என்று கேட்டால், செய்முறைப் பரீட்சை அன்றைக்குக் காலையில், அந்த மிதவைப் பாதையில் வைத்து.

பரீட்சை நகரத்தில் ஒரு கல்லூரியில். பிள்ளைகளோடு போவதற்காக முதல் நாள் கிண்ணியாவிலேயே ஒரு ஆசிரியை வீட்டில் தங்கிவிட்டேன். பெண்பிள்ளை நகரத்துக்குப் போவதென்றால் மௌலவியும் கூடப் போக வேண்டும் என்பது அவள் வாப்பாவின் கட்டளை. அவர் துறையடி வரைக்கும் வந்து, "பாத்துக்கொள்ளுங்க மௌலவி. மார்க்கத்துக்குப் பிழையா ஒண்டும் நடக்கப்படாது" என்று சொல்லிவிட்டு நின்றார். பாதை நகர்ந்தது. பிள்ளைகள் கடைசி நேரப் பதற்றத்தில் தவளையின் இருதயத்தின் பாகங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்த எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

எங்கள் தவளைகள் எல்லாம் உப்பில் செத்து, போர்மலினில் விறைத்தவை. பரீட்சை மண்டபத்தில் கொடுப்பது அன்று காலையில் குளோரோபோமில் போட்டு எடுத்த தவளை. அது நாங்கள் கொல்லச் சொன்னதல்ல, எங்கள் கைக்கு வர முந்தியே செத்தது என்பதால் மௌலவி அதைத் தடுக்கவில்லை. அதைத் திறந்தால் இருதயம் துடிக்கும். செத்த பிறகும் தவளையின் இருதயம் கனநேரம் துடிக்கும். மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன காட்சி. எங்கள் பிள்ளைகள் அதை ஒரு தரமாவது பார்த்ததில்லை. துடிக்கிற நெஞ்சைக் கண்டால் உயிர் இருக்கிறது என்று நினைத்துக் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சொன்னேன். பாகங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்னைச் சுற்றி வந்தார்கள்.

"அப்ப அதுக்கு உயிர் இருக்குமா டீச்சர்?" என்று சுபைதா கேட்டாள்.

"இல்லை. நெஞ்சு துடிக்கிறது மட்டும் உயிர் இல்லை."

"அது எப்பிடி?" என்று கேட்டது அவள் அல்ல, மௌலவி.

பஸ்ஸின் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நான் சொல்லிக்கொடுத்தேன். கண்ணைத் தொட்டுப் பார். உயிர் இருந்தால் கண் உள்வாங்கும், இமை மூடும். தொண்டையைப் பார், உயிர் இருந்தால் அது ஏறி இறங்கும். அதன் கால்விரலைக் கிள்ளிப் பார். உயிர் இருந்தால் காலை இழுக்கும். மூன்றும் இல்லையென்றால் நெஞ்சு துடித்தாலும் அது போனதுதான்.  மௌலவி பிள்ளைகளிடம் திரும்பினார்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு அறுக்கிறதப் பாத்திருக்கீங்கதானே? அறுத்த பிறகும் கால் உதைக்கும், சதை துடிக்கும். அத உயிர் எண்டு சட்டம் எடுக்கிறதில்ல. அறுபட்டதுட அசைவு வேற, நிலையான உயிர் வேற எண்டு படிப்பிச்சன். டீச்சர் சொல்றதும் அதத்தான்."

அவர் நூற்றாண்டுகளுக்கு முந்திய கிதாபில் இருந்து சொன்னார், நான் பாடப்புத்தகத்தில் இருந்து சொன்னேன். இரண்டும் வந்து ஒரே இடத்தில் நின்றதைக் கண்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் அப்படித்தான்.

ஆனால் சுபைதாவுக்கு அது போதவில்லை. அவளுக்கு எப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். "கண்ணத் தொட்டா மூடினா?"

நான் மௌலவியைப் பார்த்தேன். மௌலவி என்னைப் பார்த்தார். உயிரோடு இருக்கிற தவளையை வெட்டு என்று அவரால் சொல்ல முடியாது. வெட்டாதே, பரீட்சையை விட்டுவிட்டு வா என்று சொன்னால் அவளுடைய படிப்பு அந்தப் பாதையிலேயே முடிந்தது. வாப்பா சொன்ன ஒரு தரம் அதுதான். எனக்கோ, கண்ணைப் பார்க்காதே, பேசாமல் வெட்டு என்று சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. சொல்லியிருந்தால் அவள் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றையும் கேட்டிருக்கமாட்டாள்.

மௌலவி மெதுவாகச் சொன்னார். "அந்த மண்டபத்துக்குள்ள நானும் வர ஏலா, டீச்சரும் வர ஏலா. எனக்கு ஒண்டு தெரியும், டீச்சருக்கு மத்தது தெரியும். ரெண்டையும் படிச்சது நீங்கதான் புள்ள. நீங்க பாத்து முடிவெடுங்க. நீங்க எடுக்கிற முடிவுக்கு ஒங்கட வாப்பாட்ட நான் பொறுப்பு."

பாதை அக்கரையில் தட்டியது.

கல்லூரி வளவில் ஒரு வாகை மரத்துக்குக் கீழே நானும் மௌலவியும் இருந்தோம். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அவர் தலையில் தொப்பி. போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் என்னுடைய செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தே உருட்டினேன்.  நேரம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். எங்கள் பையன்களும் வந்தார்கள். சுபைதாவைக் காணவில்லை. கடைசியாகத்தான் வந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் சொன்னபடி நடந்தது இது. அவள் தட்டில் வைத்த தவளையின் கண்ணைத் தொட்டாள். இமை மூடியது. இன்னொரு தரம் தொட்டாள். மூடியது. கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். பரீட்சகர் தூர ஊரில் இருந்து வந்தவர், கண்டிப்பானவர். வந்து, "என்ன, பயமா?" என்று கேட்டிருக்கிறார்.

"பயம் இல்ல சேர். இது இன்னும் சாகல்ல. எனக்கு வேற ஒண்டு தாங்க."

"நெஞ்சு துடிக்கும். அது கூடப் படிக்கேல்லையா?"

"நெஞ்ச நான் இன்னும் தொறக்கல்ல சேர். கண்ணத் தொட்டுப் பாத்தனான்."

அவர் குனிந்து தானே தொட்டுப் பார்த்தார். இமை மூடியது. மாற்றித் தந்தால் நேரம் கூட்டித் தர முடியாது என்று சொன்னார். பரவாயில்லை என்றாள். அவர் அந்தத் தட்டை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். இந்தப் பேச்சு காதில் விழுந்து எங்கள் பையன்கள் தங்கள் தவளையின் கண்ணைத் தொட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பிள்ளை தொட்டது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும், சைவப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்று இல்லாமல், தவளையின் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததாம். நான் சொன்னேன் அல்லவா, அது தேத்தண்ணீரோடு முடிகிற கதை இல்லை என்று.

இரண்டாவது தவளைக்கு மூன்று சோதனையும் செய்து, ஒன்றும் அசையவில்லை என்று கண்ட பிறகு அவள் அதைத் திறந்தாள். இருதயம் துடித்தது. வாழ்நாளில் முதல் தரம் பார்க்கிறாள்.  பரீட்சகர் வந்து பக்கத்தில் நின்று, வேண்டுமென்றே, "இப்ப இதுக்கு உயிர் இருக்கா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றாள். எப்படி என்றார். பாதையில் நான் சொன்னதைச் சொன்னாள். பிறகு, "எங்கட மார்க்கச் சட்டத்திலயும் இது இருக்கு சேர்" என்று மௌலவி சொன்னதையும் சொன்னாள். மனிதர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். படத்துக்குப் பாகங்கள் குறிக்க அவளுக்கு நேரம் போதவில்லை.

அவள் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரீட்சகர் படியிறங்கி எங்களிடம் வந்தார். "இந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சது ஆர்?" என்று கேட்டார். நான் மௌலவியைக் காட்டினேன். அதே நேரத்தில் மௌலவி என்னைக் காட்டினார். அந்தக் கண்டிப்பான மனிதர் சிரித்ததை நான் அன்றைக்குக் கண்டேன்.

பெறுபேறு வந்தபோது சுபைதா நன்றாகவே தேறியிருந்தாள். ஆனால் மருத்துவத்துக்குப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. அந்த முடிக்காத படம் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அழுதாள், இல்லை என்று நான் உங்களுக்குப் பூசி மெழுகமாட்டேன். பிறகு விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போனாள். பட்டம் பெற்று இந்தப் பள்ளிக்கே வந்து, நான் இருந்த அதே கதிரையில் இருந்தாள். உங்களில் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் அவளிடம்தான் விலங்கியல் படித்தீர்கள். அவளிடம் படித்து டாக்டராகப் போனவர்களும் இருக்கிறார்கள். கண்ணைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் அவள் வகுப்பில் இருந்து வந்தது. யார் பழக்கியது என்று அவள் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அது அவளுடைய குணம்.

ஆனால் எனக்கு இந்தக் கதை முடிகிற இடம் அன்று பின்னேரம் துறையடி. என் வீடு நகரத்துப் பக்கம். நான் அங்கேயே நின்றிருக்கலாம். இருந்தும் பிள்ளைகளோடு மீண்டும் பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். அந்த வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அன்றைக்கு எனக்கு நித்திரை வராது.

அவர் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். வலைக்குப் போகவில்லை போலும், இடுப்புச் சாரன் நனையவில்லை. பாதை தட்டியதும் நேரே மௌலவியிடம் வந்தார். சுபைதா பக்கத்தில் இரண்டு அடி தள்ளி, எப்போதும் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மௌலவி, பிழையா ஒண்டும் நடக்கல்லயே?"

 பொறுப்பு நான் என்று காலையில் சொன்ன மனிதர் மௌலவி. ஒன்றும் பிழையில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், சம்மாட்டி போய்விடுவார். அடுத்த தரமும் மௌலவியிடமே வந்து கேட்பார்.

"என்னக் கேக்காதீங்க. நான் உள்ளுக்குப் போகல்ல" என்றார் மௌலவி. "போயிருந்தாலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சிருக்காது. இந்த விஷயத்தில இப்ப நம்ம எல்லாருக்கும் மேலால தெரிஞ்ச ஆள் அவதான். அவட்டக் கேளுங்க."

சம்மாட்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கும். பஸ் இறங்கி, மாடு இறங்கி, சனமெல்லாம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். அவள் கையில் இருந்த பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன நடந்த? நீங்க சொல்லுங்க புள்ள" என்றார்.

சுபைதா தலையை நிமிர்த்தினாள். சொல்லத் தொடங்கினாள்.